ஒரு கிலோ மருந்துக்கு 13,000 கிலோ

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு நீங்கள் போட்டிருந்த மெலியும் ஊசிக் கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேர் மாறி மாறி வாசித்தோம். விலை, பக்கவிளைவு, யார் போடலாம் யார் போடக்கூடாது, எல்லாம் இருந்தது. சரி. ஆனால் அந்த மருந்தை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பெரிய விஞ்ஞானி இல்லை. வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூசன் கொடுக்கிறேன். அதற்கு முன் இரண்டு வருடம் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் (பெயர் வேண்டாம்) பெப்டைட் செய்கிற வேலை. பெப்டைட் என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி. பிரசவ அறையில் ஏற்றுகிற ஒக்ஸிடோசினில் 9 அமினோ அமிலம், மெலியும் ஊசி மருந்துகளான செமாகுளுடைட்டில் 31, டிர்செபடைட்டில் 39.

பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில் பக்கம் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், நாரின் ஒரு முனையை எங்காவது இறுக்கிக்கொண்டால்தான் மற்றக் கை வேகமாக ஓடும். அமெரிக்க இரசாயனவியலாளர் புரூஸ் மெரிஃபீல்ட் 1963இல் செய்ததும் அதுதான்: சங்கிலியின் ஒரு முனையைக் கரையாத பொலிஸ்டைரீன் மணியில் கட்டிவிட்டார், அப்புறம் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியது, ஒட்டாத மிச்சத்தைக் கழுவி ஊற்ற வேண்டியது. 1984இல் நோபல் பரிசும் வாங்கினார். கெட்டிக்காரத்தனந்தான். அந்தக் கழுவி ஊற்றுகிற இடத்தில்தான் வில்லங்கம்.

கையால் செய்தால் இப்படி. அடியில் வடிகட்டி வைத்த பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குள் ரவை மாதிரி மணிகள். பிப்பெரிடின் என்கிற திரவத்தை ஊற்றி, சங்கிலி முனையில் கண்டபடி ஒட்டாமல் தடுக்கிற மூடியைக் கழற்றுவோம் (அந்த நாற்றம் ஷேர்ட்டில் ஒட்டி, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் மூக்கைச் சுளிப்பார்). டிஎம்எஃப் என்கிற கரைப்பானால் ஐந்து தரம் கழுவல். அடுத்த அமினோ அமிலம், அதுவும் தேவைக்கு நாலைந்து மடங்கு. திரும்ப ஐந்து தரம். 20 அமினோ அமிலம் கோத்தால் 200 கழுவல்! கடைசியில் கையில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள், மேசைக்குக் கீழே ஒரு கான் நிறையக் கழிவு. அரிசியை இத்தனை தரம் களைந்தால் வீட்டில் ஏச்சு விழும்.

அந்தக் கானைப் பூட்டி வைத்து முறையாக ஒப்படைக்க வேண்டும். அவசரத்தில் சிங்குக்குள் ஊற்றியதை நானே இரண்டு மூன்று தரம் கண்டிருக்கிறேன், கேட்டதற்குக் "கொஞ்சந்தானே" என்றார்கள். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள்தான் போய் முடிகின்றன. பின்னேரம் நாங்கள் காற்று வாங்கப் போகிற அதே கடல்.

டிஎம்எஃப் சும்மா சாமான் இல்லை. கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. வேலை செய்கிறவர் சுவாசிக்கும் காற்றில் கன மீற்றருக்கு 6 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசெம்பரிலிருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது. தொழிற்சாலைக் கணக்கு இன்னும் மோசம்: இந்த முறையில் ஒரு கிலோ பெப்டைட்டுக்குச் கரைப்பான், மூலப்பொருள் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 13,000 கிலோ சாமான் உள்ளே போகிறது. சாதாரண மாத்திரை மருந்துக்கு அது சில நூறு கிலோ.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. எனக்குப் பிடித்தது 2023இல் வந்த கழுவாத முறை. மூடி கழற்றப் பிப்பெரிடினுக்குப் பதில் சுலபமாக ஆவியாகும் பைரோலிடினைப் போட்டு, மைக்ரோவேவில் சூடாக்கி, மேலே வாயுவை ஊதி அதை விரட்டிவிடுகிறார்கள். கழிவு 95 வீதம் வரை குறைகிறது. கழுவாமலே விடலாம் என்று இத்தனை வருடம் எங்களுக்குத் தோன்றவில்லையே! கரைப்பானை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், பியூட்டைல் பைரோலிடோன், காமா வலரோலக்டோன் என்று. ஆனால் மணிகள் அதில் நன்றாக ஊற வேண்டும், இல்லாவிட்டால் கோர்வை பாதியில் நிற்கும். தண்ணீரிலேயே செய்யலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள், வழக்கமான மூடி போட்ட அமினோ அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதுதான் சிக்கல். சங்கிலியை மணியிலிருந்து வெட்டி எடுக்கிற ட்ரைஃபுளோரோ அசெற்றிக் அமிலம் வேறு இருக்கிறது. இயற்கையில் இலகுவில் சிதையாது. அதைத் தொடாமல் "பசுமை" என்று விளம்பரம் போடுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நியாயமாகச் சொன்னால், செமாகுளுடைட்டைக் கண்டுபிடித்த நிறுவனம் அதன் முதுகெலும்பான சங்கிலியை ஈஸ்ட்டில் வளர்த்துத்தான் எடுக்கிறது. ஆனால் இந்தியாவில் அதன் காப்புரிமைக்குக் கெடு 2026 மார்ச் வரைதான். மலிவுப் பதிப்புகள் வரும், முழுக்க இரசாயன முறையில் செய்தவையும் அவற்றில் இருக்கும். எங்களுக்கு மருந்து பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. மலிவு வரட்டும், சீனி வருத்தக்காரருக்கு அது பெரிய உதவி, என் அக்காவும் ஒருவர். அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோரும்போது விலையோடு சேர்த்து, எந்தக் கரைப்பான், கிலோவுக்கு எவ்வளவு கழிவு, அது எங்கே போகிறது என்று மூன்று கேள்வி கேட்டால் என்ன? பதில் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் முன்னுரிமை கொடுத்தால் போதும்.

நீங்களும் அந்த 13,000ஐ அடுத்த ஞாயிறு ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். வகுப்பில் வெட்டி ஒட்டிவைக்க எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

ஒரு ரியூசன் வாத்தியார்,
வெள்ளவத்தை, கொழும்பு 6