வளவை மூடாதீர்கள்: பெரிய வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அண்ணன் தம்பிமார், சித்தப்பாமார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நம்மைப் போலவே பொது வீடு வைத்திருக்கிற மற்ற ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அடுத்த படைப்புக்குள் (முன்னோருக்குப் படையல் போடும் குடும்ப வழிபாடு) வளவு என்கிற நடு முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிடலாம், பட்டாலை என்கிற பெரிய கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் அடித்து ஏசி வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. கொட்டேஷன்கூட வந்துவிட்டது. ஊரிலேயே இருந்து கரண்ட் பில் கட்டுகிறவன் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐயாக்கள் இந்த வீட்டைக் கட்டியபோது ஊரில் கரண்டே கிடையாது. சித்திரை வெயிலுக்கு அவர்களிடம் இருந்ததெல்லாம் செங்கல், சுண்ணாம்பு, ஓடு, காற்று. முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று கதவுகள் ஒரே நேராக வந்து பின்தெரு தெரிகிறதே, அது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. வளவில் சூடாகிற காற்று மேலே கிளம்பிப் போகும். அந்த இடத்துக்கு நிழலில் கிடக்கும் காற்று கதவுகள் வழியாக வந்து சேரும். ராத்திரியில் வளவுத் தரை பகல் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கீழே இறங்கிச் சுற்றியுள்ள அறைகளுக்குள் போகும். சுவர் அவ்வளவு கனம் என்பதால் வெளிச்சூடு உள்ளே வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும். மத்தியானம் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். வளவில் வெயில் விழும் கல்லில் கால் வைக்க முடியாது. தூணைத் தாண்டி ஓரடி உள்ளே வந்தால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஜில்லென்று இருக்கும்.

இதன் தலையில் ஷீட்டைப் போட்டால் என்ன ஆகும்? வெளிச்சம் உள்ளே வரும், தரையில் பட்டுச் சூடாகும், வெளியே போக வழி இருக்காது. முதல் கோடையிலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்பீர்கள். அடுத்த கோடையில் நான்கு ஏசி. இப்போது சும்மா நடக்கிற வேலைக்குக் காலம் முழுக்கக் காசு கட்டப் போகிறோம்.

புறா அசிங்கம் பண்ணுகிறது, குரங்கு இறங்குகிறது, திருட்டுப் பயம் என்கிறீர்கள். மூன்றும் உண்மைதான். அதற்குக் கம்பிக் கிராதியும் வலையும் போதும். மழைச் சாரலும் வேண்டாம் என்றால், கூரையை இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் வலை மட்டும் அடித்துக் காற்றுக்கு வழி விடச் சொல்லுங்கள். ஷீட் போடுகிறவர் சம்மதிப்பார், செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களும் கைக்குழந்தையும் வரும் வீடு. ஆனால் அதை வளவைச் சுற்றியிருக்கும் சின்ன அறை ஒன்றிரண்டில் வையுங்கள். பட்டாலை அளவுக்குக் கூடத்தைக் குளிர வைப்பது கட்டுப்படியாகாது. 2020 முதல் புது ஏசிகளை ஆன் செய்தாலே 24 டிகிரியில்தான் நிற்கும். அதை 18-க்கு இறக்குவதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அலுவலகம் சொல்லும் கணக்கு. 26-ல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொண்டால் போர்வை தேட வேண்டி வரும்.

ஃபேன் என்றதும் இன்னொன்று. நம் வீட்டுப் பழைய ஃபேன் ஒன்று 75 வாட் போல இழுக்கும். இப்போது வரும், கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடுகிற ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 40 யூனிட் குறையும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. வருஷத்தில் நாலு நாள் சுற்றுகிற மாடி ஃபேன் அப்படியே கிடக்கட்டும். யூனிட் குறைவது சின்ன விஷயமும் இல்லை. முதல் 100 யூனிட் இலவசம், சரி. ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடுகிறது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடக் கட்டுகிறோம்.

அப்புறம், நீங்கள் கல்யாணம், படைப்பு முடிந்து கிளம்பிப் போன பிறகு நடப்பது. காலியான ஃப்ரிட்ஜ் ஒரு ஊறுகாய் ஜாடியைக் காத்துக்கொண்டு ஓடும். ஆளில்லாத பகுதியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். செட்டாப் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரியும். ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். போன தடவை ஒரு கீசர் இரண்டு நாள் போட்டபடியே இருந்தது. யார் அறை என்று நான் சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும். சர விளக்கில் இருக்கும் 60 வாட் பல்புகளுக்குப் பதிலாக 9 வாட் எல்இடி போட நான் தயார். மஞ்சள் வெளிச்சத்திலேயே கிடைக்கிறது, அதனால் ஆச்சிமார் கவலைப்பட வேண்டாம்.

சோலார் போடலாமே என்று தம்பி ஒருவர் கேட்டார். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஓட்டு மேல் பாரம் ஏற்ற வேண்டாம், பின்கட்டில் மட்டத் தளம் இருக்கிறது. ஆனால் மின் இணைப்பு இன்னும் காலஞ்சென்ற பெரிய ஐயா பெயரில்தான் இருக்கிறது. எத்தனை புள்ளிகளிடம் (பங்குள்ள குடும்பங்களிடம்) கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றுவது என்று பேசி முடிக்கவே இரண்டு படைப்பு ஆகும். அதைத் தனியாகப் பார்ப்போம்.

இப்போதைக்கு நான் கேட்பது இதுதான். ஷீட்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூட வேண்டும் என்பவர்கள் சித்திரையில் வந்து, முன்கதவும் பின்கதவும் திறந்த வீட்டில், வளவுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து ஒரு ராத்திரி படுங்கள். கொசுவலை நான் தருகிறேன். காலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, எல்லோருமாக உட்கார்ந்து கொட்டேஷனைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சாவி வைத்திருக்கும் பங்காளி