பாலைவனத்துல ஏரி பார்க்க வா மாப்ள

மாப்ள,

எப்படி இருக்க, வீட்ல தங்கச்சி சௌக்கியமா? ரிட்டயர்மென்ட் போட்டோ எல்லாம் வந்துச்சு, மாலையும் பொன்னாடையுமா உன்ன பார்த்ததும் மனசுக்கு அவ்ளோ நிறைவா இருந்துச்சு, மதகு, ஷட்டர், முறைப்பாசனம்னு எத்தனை வருஷம் ராத்திரி பகலா அலைஞ்சிருப்ப, இனிமேலாவது காலை நீட்டி உக்காரு. இங்க நாங்க நல்லா இருக்கோம். பெரியவன் காலேஜுக்குப் போயிட்டான், வீடு கொஞ்சம் வெறிச்சுனு இருக்கு, அதனால சனிக்கிழமை ஆனா நானும் அவளும் டிபன் பாக்ஸ தூக்கிட்டு ஏதாவது ஒரு ஏரிக்கரைக்குக் கிளம்பிடறோம்.

அமெரிக்காவுல டாலஸ்ல இருக்கற பொண்ணு வீட்டுக்கு வர்றப்ப, அரிசோனாவுல நாங்க இருக்கற ஃபீனிக்ஸ் பக்கமும் வரலாமான்னு கேட்டிருந்த, ஆனா அங்க மணலும் வெயிலும் தவிர பார்க்க என்னடா இருக்குன்னும் கேட்டிருந்தியே, அதுக்குத்தான் உக்காந்து இவ்ளோ எழுதறேன்.

மொதல்ல, இங்க மணல்மேடே கிடையாது. சொனோரன் பாலைவனம்னு பேரு, கல்லு மலையும் முள்ளுச் செடியும்தான், நடுவுல நடுவுல சவாரோ கள்ளி 40 அடி வரைக்கும் தூண் மாதிரி நிக்கும். அதுல மொத கை முளைக்கவே 50, 75 வருஷம் ஆகும், சிலதுக்கு அதுக்கும் மேல, அப்ப நாலஞ்சு கையோட நிக்கற ஒண்ணு நம்ம தாத்தா பாட்டிக்கு முன்னாடியே முளைச்சதுன்னு வெச்சுக்கோ. கிட்ட போய்ப் பார்த்தா உடம்பு பூரா மடிப்பு மடிப்பா இருக்கும், மழை பெஞ்சா தண்ணிய இழுத்து மடிப்பெல்லாம் விரிஞ்சு குண்டாயிடும், கோடையில திரும்ப ஒட்டிப்போயிடும். மரங்கொத்தி அதுல பொந்து போட்டுட்டுப் போயிட்டா அப்புறம் அதுலயே குட்டி ஆந்தை வந்து குடியிருக்கும்.

ஆனா நீ பார்க்க வேண்டியது ஏரிங்கதான் மாப்ள. ஃபீனிக்ஸ சுத்தி போட் விடறாங்க, மீன் பிடிக்கறாங்க, குடும்பம் குடும்பமா வந்து கறி சுடறாங்களே, அந்த ஏரி ஒண்ணுகூட தானா உண்டானது இல்ல, எல்லாமே மனுஷங்க அணை கட்டித் தேக்கினது. எனக்குத் தெரிஞ்சவங்க பலபேர் இங்க வந்து குளிச்சுட்டு செல்ஃபி எடுத்துட்டுப் போயிடறாங்க, இந்தத் தண்ணி இங்க எப்படி நிக்குதுன்னு யாரும் கேக்கறதில்ல. நீ கேப்ப, அதான் உன்ன கூட்டிட்டுப் போகணும்னு இவ்ளோ ஆசை.

சால்ட் ரிவர்னு ஒரு ஆறு, அதுல வரிசையா நாலு ஏரி, ரூஸ்வெல்ட், அப்பாச்சி, கேன்யன், சவாரோ. மேல இருக்கற ரூஸ்வெல்ட் அணை 1911-ல முடிச்சது, முன்னாள் பிரசிடென்ட் தியோடர் ரூஸ்வெல்ட்டே நேர்ல வந்து திறந்து வெச்சாரு, முழுக்க கல்லு கட்டுமானம். அப்புறம் 1996-ல அத 77 அடி ஒசத்தி மேல கான்கிரீட் போட்டு மூடிட்டாங்க, அதனால பழைய கல்லு இப்ப கண்ணுக்குத் தெரியாது, எனக்கு அதுல வருத்தம்தான், ஆனா வெள்ளத்துக்குப் பாதுகாப்புன்னு செஞ்சது, நீ அத சரின்னுதான் சொல்லுவ. கேன்யன் ஏரி சின்னது, ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை, அங்க படகு சவாரி இருக்கு, மேல பாறை விளிம்புல வளைஞ்ச கொம்போட காட்டு ஆடு நிக்கும், குளிர்காலத்துல வெண்தலைக் கழுகும் பார்க்கலாம்.

எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது சவாரோ ஏரிக்குக் கீழ ஆறு ஓடற இடம். காலையில சீக்கிரம் போனா காட்டுக்குதிரைங்க ஆத்துக்குள்ள இறங்கி நிக்கும். மூஞ்சிய கண்ணு வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டு அடியில இருக்கற பாசிப்புல்ல கடிச்சு இழுக்கும், தலைய தூக்கறப்ப ரெண்டு பக்கமும் பச்சையா தொங்கும், தண்ணி சொட்டச் சொட்ட நிதானமா மெல்லும், குட்டி அம்மா வயித்தோட ஒட்டிக்கிட்டு நிக்கும். கிட்ட போகக்கூடாது, தூரமா நின்னுதான் பார்க்கணும். கோடையில அதே ஆத்துல ஜனங்க டியூப்ல உக்காந்து மைல் கணக்கா மிதந்து போவாங்க, நாம வாய்க்கால்ல லாரி டியூப் போட்டு மிதந்த மாதிரியேதான்டா.

இதே ஆறு ஃபீனிக்ஸ் ஊருக்குள்ள வர்றப்ப வெறும் கல்லும் மணலுமா காஞ்சு கிடக்கும், ஏன்னா ஊருக்கு முன்னாடியே கிரானைட் ரீஃப்னு ஒரு அணைக்கட்டு, அங்கயே மொத்தத் தண்ணியையும் கால்வாய்க்குத் திருப்பிடறாங்க. இந்தக் கால்வாய்ல சிலது ஹோஹோகம்னு சொல்ற பழங்குடி ஜனங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வெட்டின வழியிலயே போகுது, இரும்பு கிடையாது, பாரம் இழுக்க மாடு கிடையாது, கல்லும் மரக்கோலும் வெச்சு வெட்டியிருக்காங்க. ஏர்போர்ட் பக்கத்துலயே ஒரு மியூசியம் இருக்கு, பியூப்லோ கிராண்டேன்னுதான் பல வருஷமா பேரு இருந்துச்சு, 2023-ல செடாவ் வாக்கின்னு (S'edav Va'aki) மாத்திட்டாங்க, அங்க அந்தப் பழைய வாய்க்கால் இன்னும் தெரியும். தண்ணி ஓடற வாட்டம் எப்படிப் பிடிச்சாங்கன்னு நீதான் எனக்கு விளக்கணும்.

அப்புறம் லேக் பிளசன்ட். இதுக்கு வர்ற தண்ணியில பெரும்பங்கு கொலராடோ ஆத்துத் தண்ணி, 336 மைல் கால்வாய் ஒண்ணு ஹவாசு ஏரியில ஆரம்பிச்சு பாலைவனத்த கடந்து டூசான் வரைக்கும் போகுது, வழியில மொத்தம் 2900 அடிக்கு பம்ப் பண்ணி ஏத்தறாங்க. குளிர்காலத்துல ஏரிய நிரப்பிட்டு கோடையில திறந்து விடறாங்க, அதனால மழைக்கும் இந்த ஏரி மட்டத்துக்கும் அவ்ளோ சம்பந்தம் இல்ல, மார்ச் ஏப்ரல்லதான் ததும்ப நிக்கும். கரையில காட்டுக்கழுதைங்க மேயும். உக்கார நிழல் கொட்டகை உண்டு, இங்க ராமடான்னு சொல்லுவாங்க, மேஜை, அடுப்பு எல்லாம் இருக்கும், புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துட்டுப் போனா ஒரு நாள் ஓடிடும்.

ரெண்டு நாள் கையில இருந்தா ஹூவர் அணைக்குப் போயிடலாம், இங்கிருந்து காருல நாலு நாலரை மணி நேரம். நம்ம மேட்டூர் முடிஞ்சதுக்கு அடுத்த வருஷம், 1935-ல இது முடிஞ்சது, 726 அடி உயரம், அங்க கொலராடோ ஆத்துத் தண்ணி தேங்கற லேக் மீட் ஏரி முழுசா நிரம்பினா கிட்டத்தட்ட 12 மேட்டூர் அதுக்குள்ள அடங்கும். ஆனா போய்ப் பார்த்தா சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்து வரும். கரைப்பாறை பூரா வெள்ளையா ஒரு பட்டை, அந்த உயரத்துக்கு ஒரு காலத்துல தண்ணி நின்னுச்சுன்னு அது சொல்லும். 2022 ஜூலையில தண்ணி மட்டம் கடல் மட்டத்துல இருந்து 1040 அடிங்கற அளவுக்கு இறங்கிடுச்சு, நிரம்ப ஆரம்பிச்ச 1930-களுக்கு அப்புறம் அவ்ளோ குறைஞ்சதே இல்ல, மூழ்கிப்போன பழைய படகெல்லாம் வெளிய வந்துச்சு, போட் இறக்கற இடம் பெரும்பாலும் மூடிட்டாங்க. இதோட வேர் 1922-ல இருக்கு, 7 மாநிலம் உக்காந்து ஆத்த பங்கு போட்டாங்க, அப்ப அளந்தது நல்ல மழை பெஞ்ச வருஷங்கள், அதனால வராத தண்ணியையும் சேர்த்து எழுதிக்கிட்டாங்க, இப்பவரைக்கும் அந்தக் கணக்குக்குத்தான் சண்டை. காவிரிய பத்தி நாம டீக்கடையில எத்தனை ராத்திரி பேசியிருப்போம், அங்க நின்னப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு, நீ பக்கத்துல இல்லையேன்னு நெஜமாவே ஏக்கமா இருந்துச்சு.

வர்றது மட்டும் நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள வா. கோடையில வேண்டவே வேண்டாம், 2023-ல தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல அடிச்சுது, அந்த மாதிரி நாள்ல கேமல்பேக் மலைப்பாதைய காலையிலயே மூடிடுவாங்க, அப்படியும் வருஷா வருஷம் தண்ணி பத்தாம மலையில ஜனங்க செத்துப்போறாங்க. ஜனவரின்னா நம்ம மார்கழி மாதிரி சில்லுனு சுகமா இருக்கும், ஆனா அப்பவும் தண்ணி பாட்டில் இல்லாம நடக்கக்கூடாது, பாதி தீர்ந்துச்சுன்னா திரும்பிடணும், அதான் இங்க எல்லாரும் சொல்ற கணக்கு.

உன் முட்டி வலிக்கு மலையேற வேண்டாம், சவுத் மவுண்டன் பார்க்ல உச்சி வரைக்கும் கார் போகும், 16,000 ஏக்கருக்கு மேல ஒரே பார்க், மேல டாபின்ஸ் பாயின்ட்ல நின்னா ஊரும் கால்வாயும் மொத்தமா தெரியும். கீழ கொஞ்ச தூரம் சமதரையில நடக்கலாம். சோயான்னு ஒரு கள்ளி இருக்கு, லேசா உரசினா போதும், முள்ளுருண்டை அப்படியே கழண்டு பேன்ட்ல ஒட்டிக்கும், கையால எடுக்கப் பார்த்தா விரல்லயும் ஏறிடும், அதுக்குன்னே பையில ஒரு சீப்பு வெச்சிருப்போம், சீப்பு பல்ல உள்ள விட்டு ஒரு சுண்டு சுண்டினா தெறிச்சுப்போயிடும்.

தங்கச்சியையும் கட்டாயம் கூட்டிட்டு வா, குறைஞ்சது ஒரு வாரமாவது இருக்கற மாதிரி வாங்க. காலுக்கு நல்ல ஷூ, தலைக்குத் தொப்பி, காலை நேரத்துக்கு ஒரு ஸ்வெட்டர், அவ்ளோ போதும், மத்ததெல்லாம் இங்க இருக்கு. பொண்ணுகிட்ட பேசிட்டு தேதிய சீக்கிரம் எழுது, வார கடைசியில ராமடா கிடைக்கறது கஷ்டம், முன்னாடியே புக் பண்ணி வெச்சுடறேன்.

அன்புடன்
உன் நண்பன்