கொம்பு பிறகு வரட்டும்

குடியாத்தம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கவிதாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சிரசுத் திருவிழாவுக்குப் பெரியம்மா வந்து போனாள். அந்த நிலத்து விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அதை விடு.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் பாதியில் கட்டாகிவிட்டது. சிக்னலாக இருக்கும். அதற்கப்புறம் நீயும் பேசவில்லை.

அகிலனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அப்பாதான் குதித்தார், நான் குதிக்கவில்லை. உன்னால் முடியும். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கிற டைம்டேபிளைப் பார்த்தேன். ஒன்பதிலிருந்து பத்தேகால் வரை தமிழ். ஐந்தரை வயசுக்கு அது தாங்காது கண்ணு. பத்து நிமிஷம், மிஞ்சினால் பன்னிரண்டு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கண்ணைக் கசக்கினாலோ, தண்ணி வேணும் என்று இரண்டாம் முறை எழுந்தாலோ மூடிவிடு. ஆசை மிச்சம் இருக்கும்போதே நிறுத்தினால் மறுநாள் தானாக வந்து உட்காருவான்.

அ, ஆ வரிசையை வாயால் பாடட்டும், எழுத வேண்டாம். அ-வுக்குச் சுழி, வளைவு, கோடு மூன்றும் வேண்டும். கைக்கு முதலில் வருவது ட, ப மாதிரி நேர்கோடுதான், அப்புறம் ம. வாரத்துக்கு மூன்று எழுத்து போதும். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதவிடு. இந்த மூன்றோடு புள்ளியையும் காட்டிவிட்டால் படம், பட்டம், மட்டம் எல்லாம் தானே படிப்பான்.

'கெ'யை 'எக' என்று படித்தான், நீ சத்தம் போட்டாய். அது தப்பில்லை. ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு க-வின் முன்னால் வருகிறது, காதுக்கு அதன் பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைதான் அங்கே இடறும். 'கொ'வில் இரண்டு பக்கமும் சுமை. கா, பா, மா, அப்புறம் கி, கீ ஊறட்டும். கொம்பை இரண்டு மாசம் தள்ளிவை. உகர வரிசையையும் தள்ளு. கு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒரு உருவம். 247-ஐயும் இந்த வருஷமே முடித்து யாருக்குக் காட்டப் போகிறாய்?

கணக்கும் அப்படித்தான். எண்பத்தொன்பதுக்குப் பிறகு அவன் திணறுவது மறதியால் இல்லை. தொண்ணூறு என்கிற சொல்லிலேயே நூறு கேட்கிறது. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒன்பது குவியலைத் தொட்டு எண்ணச் சொல். விரல் நம்பிய பிறகுதான் வாய் நம்பும்.

இங்கே அரசுப் பள்ளியிலேயே 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். வீட்டில் ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு உனக்கு என்ன அவசரம்? பத்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. 'ஆயாவுக்கு ம எழுதிக்காட்டு' என்று நான் சொன்னதும் அவன் சாக்பீஸை இடது கையில் எடுத்தான். உன்னைப் பார்த்தான். வலது கைக்கு மாற்றிக்கொண்டான். அப்போதுதான் போன் கட்டானது.

நீ மாற்றச் சொல்லியிருந்தால் அது என்னிடம் கற்றது. உன் இடது மணிக்கட்டை ஜன்னல் கம்பியில் ரிப்பனால் கட்டி எழுதவைத்தவள் நான்தான். வகுப்பில் ஊரார் பிள்ளை ஒன்றுக்கும் அப்படிச் செய்ததில்லை. சொந்தக்காரர்கள் பேச்சுக்குப் பயந்து உனக்குச் செய்தேன். நீ அழக்கூட இல்லை, அதனால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் இடது கையாலேயே எழுதட்டும். நோட்டின் மேல்பக்கம் வலப்புறம் சாய்ந்திருக்கவேண்டும். பென்சிலை முனையிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளிப் பிடிக்கவை, இல்லாவிட்டால் எழுதியதை அவன் கையே மறைக்கும். வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து விழவேண்டும்; மேசையைத் திருப்பிப் போடு. சாப்பாட்டுக்கு எந்தக் கை என்று மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேட்டால் என்னிடம் பேசச் சொல்.

பச்சை டப்பாவில் கொட்டை அனுப்பியிருக்கிறேன், கழுவிக் காயவைத்தது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அவனை எதையும் எழுதிக்காட்டச் சொல்லமாட்டேன்.

அம்மா