செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும்.

நம் திரைப்படச் சங்கம் இந்த ஆண்டு ஒன்பது படங்கள் திரையிட்டது. ஆனித் தேரோட்டத்தால் ஒன்று, மின்தடையால் ஒன்று, ஆள் வராததால் ஒன்று நின்றுபோயின. செயற்குழு நான்கு முறை கூடியது.

இனி பட்டியல் விஷயம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கொக்கிரகுளத்துக்குள் புகுந்தபோது நம் சேகரிப்பு கீழ்த்தளத்து அறையில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் வீடியோ கேசட்டுகளைச் சேறோடு அள்ளிக் கொட்டினோம். என்னென்ன போயிற்று என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை; எழுதிவைத்த நோட்டும் அதே அலமாரியில்தான் இருந்தது. மிஞ்சியதையாவது முறையாகப் பதிந்து, பதிவுகளை வெளியூர் நூலகங்களோடும் காப்பகங்களோடும் பகிர்ந்துகொள்வோம் என்று சென்ற பொதுக்குழுவில் சொன்னேன். கைதட்டினீர்கள். ‘படத்தைப் பகிர்ந்தால் போலீஸ் வராதா’ என்று ஒருவர் கேட்டார். பகிர்வது படத்தை அல்ல, அதைப் பற்றிய பதிவை மட்டும்தான். இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கோஹா என்ற இலவச நூலக மென்பொருளில், நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் மார்க் 21 முறைப்படி பதிகிறோம். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண் போட்ட ஒரு கட்டம் உண்டு, அதற்குப் பெயர் புலம். புத்தகம் என்றால் சுலபம். அதே பதிப்பு இன்னொரு நூலகத்தில் இருந்தால் அவர்கள் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். படம் அப்படி இல்லை. 1948இல் வந்த சந்திரலேகாவுக்கு வெளியிலிருந்து ஒரு பதிவை இறக்கி நம் கேசட்டுக்குப் போட்டுவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து ஓட்டிப் பார்த்தால், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் மூன்று மணி நேரக் கேசட்டில் அடங்காமல் வாள்சண்டை நடுவே நின்றுவிட்டது. யார் ஜெயித்தார் என்பது நம் சங்கத்தில் இல்லை. படைப்பு வேறு, வெளிவந்த வடிவம் வேறு, கையிலிருக்கும் பிரதி வேறு என்று திரைப்படக் காப்பகங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபியாஃப் 2016 கையேட்டில் பிரித்துவைத்திருப்பது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. பொதுக் குறிப்புக்கான 500ஆம் புலத்தில் ‘முடிவு இல்லை’ என்று குறித்தேன்.

பெயரிலும் வம்புதான். அமெரிக்க நூலகங்களின் ரோமன் எழுத்து முறையில் சந்திரலேகா ‘சி’யோடு நிற்கும், நம்மவர்கள் ‘சிஎச்’ போட்டுத் தேடுவார்கள். ஆகவே 880ஆம் புலத்தில் தமிழிலேயே தலைப்பைச் சேர்க்கிறோம். ஓர் உறுப்பினர் உதவுவதாகச் சொல்லி ஒரு பெட்டி சினிமாப் பாட்டுப் புத்தகங்களின் விவரங்களை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்தும் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பினார். கோஹாவில் ஏற்றினால் ஒரே ஆங்கில எழுத்து, புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. உழைப்புக்கு நன்றி. எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் தட்டும்படி முன்பே சொல்லியிருந்தேன்.

1944இல் வந்த ஹரிதாஸ் பாட்டுப் புத்தகத்தைப் பதிந்தபோது, பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து பாபநாசத்துக்காரர்தானே என்று அம்பாசமுத்திரம் அண்ணாச்சி கிளப்பினார். சிவன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அந்த பாபநாசம் வேறு. செயற்குழுவில் முக்கால் மணி நேரம் இதிலேயே போனது. அண்ணாச்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவில் தஞ்சாவூர்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு வேலைக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் பதினொரு பேர். வந்தவர்கள் மூன்று பேர், என்னையும் சேர்த்து. பதிந்த வரைக்கும் ஒரே கோப்பாக எடுத்து ஒரு வெளியூர் காப்பகத்துக்கு அனுப்பினேன். ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளர் அண்ணாச்சியிடம் இருக்கிறது; ரசீதுகள் சில என்னிடமும் இருக்கலாம். அரங்கம் தந்தவர்களுக்கும், டீ தந்தவர்களுக்கும், நாற்காலி தூக்கிய தம்பிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 16 எம்எம் சுருள்களைப் பதிய வேண்டும். ஒரு டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி நெடி மூக்கில் ஏறியது. அது அசிடேட் படச்சுருள் அழுகும் வாசனை, காத்திருக்காது. ஒரு ஹார்டு டிஸ்க்கும் மாடியில் ஓர் அறையும் வேண்டும். மாடி காலியாக இருப்பவர்கள் யார் என்று சங்கத்துக்குத் தெரியும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரும் முன்வந்தால் சாவியையும் பாஸ்வேர்டையும் இன்றைக்கே தந்துவிடுவேன்.

சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியலும் அதே கணினியில்தான் இருக்கிறது. அதையும் பகிரக்கூடிய வடிவத்தில்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
பாளையங்கோட்டை