தோள்பட்டைக்கு இரட்டை நூல்

தலவாக்கலை
ஜூலை 13, ஞாயிறு

என் அன்பு நெட்டச்சிக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. தபால்காரத் தம்பி கையெழுத்து வாங்கும்போதே மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னக்கா, இந்தியாவிலிருந்து ஆட்டையே அனுப்பிவிட்டார்களா?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. பத்து நாளாக விடாத மழை. பொட்டலத்தின் ஒரு மூலை நனைந்து, உள்ளே இருந்த ஆட்டுக் கம்பளி நூல் தன் பிறப்பை வழியெல்லாம் அறிவித்துக்கொண்டே வந்திருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மகளுக்கு நிச்சயம் ஆனது ரொம்பச் சந்தோஷம். மாப்பிள்ளை கூடலூர்ப் பையன் என்றால் இங்கிருந்து போன நம்ம ஆட்கள்தானே. அவன் பாட்டி இங்கே எந்தத் தோட்டம் என்று விசாரித்து எழுது, ஒரு சொந்தமாவது அகப்படாமலா போகும்? உன் முட்டைக்கோசுப் பாத்தியில் காட்டெருமை வந்து நின்றதைப் படித்துச் சிரித்தேன். எங்களுக்கு இங்கே சிறுத்தை. போன மாதம் கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒரு நாயைத் தூக்கிவிட்டது. என் முழங்கால் அப்படியேதான். மகன் மாதம் ஒரு தரம் கொழும்பிலிருந்து வருகிறான், தூங்குகிறான், போகிறான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "உன் பெயர் அட்டையில் டிசைனர் என்று போட்டிருக்கிறாயே, அதை எங்கேடி படித்தாய்?" என்று கேட்டிருக்கிறாய். அந்த அட்டையை அடித்தது மகன். எனக்கே முதலில் கூச்சமாக இருந்தது. "பின்னுகிற அம்மா" என்றால் ஒரு விலை, "டிசைனர்" என்றால் வேறு விலை என்று கண்ட பிறகு கூச்சம் போய்விட்டது.

முதல் பள்ளிக்கூடம் நீயும் நானும் உட்கார்ந்த அதே வாங்குப் பலகைதான். தையல் டீச்சர் ஊசி கொண்டுவரச் சொன்ன அன்று, உங்கப்பா உடைந்த குடையிலிருந்து இரண்டு கம்பியை உருவி, சிமெந்துத் தரையில் தேய்த்து முனை எடுத்துக் கொடுத்தார். ஒரு சோடி ஊசி, இரண்டு பிள்ளைகள். நீ ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. நீ இழுத்துப் பிடித்துப் பின்னுவாய், நான் தொளதொளவென்று. அந்த ஆரஞ்சு மப்ளர் ஏன் பாம்பு மாதிரி நெளிந்தது என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது. 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்ம சனத்தை இந்தியாவுக்கு அனுப்பப் போட்ட கையெழுத்து, 1982இல் நம் வகுப்புக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போயிற்று. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய அந்த ஒப்பாரிக் கோச்சி ரயிலில் நீ ஏறும்போது பாதி மப்ளரும் ஊசியும் உன்னிடம், மிச்ச நூலுருண்டை என் பாவாடைப் பைக்குள். அம்மா அதை வைத்துப் போர்வைக் கிழிசல் தைத்தார்.

இரண்டாவது பள்ளிக்கூடம் கொழும்புப் பக்கத்து சுவெட்டர் ஃபெக்டரி. 1990இல் போனேன். பின்னிய துண்டுகளை இணைக்கிற லிங்கிங் பகுதியில் என்னைப் போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஒரு வட்டம், விளிம்பு முழுக்க முள். கழுத்துப் பட்டியின் ஒவ்வொரு கண்ணியையும், அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையத்தையும், தேடிப்பிடித்து ஒவ்வொரு முள்ளில் மாட்ட வேண்டும். 12 கேஜ் என்றால் அங்குலத்துக்கு 12 முள். ஒரு கண்ணியை விட்டால் அங்கிருந்து ஏணி மாதிரி கீழே ஓடும், மாலையில் அந்த உருப்படி திரும்பி வந்து மடியில் விழும். ஒன்பது வருஷம் அப்படிப் போனது. கண்ணாடி போட்டது அங்கேதான். ஆனால் இன்றைக்கு ஒரு சுவெட்டரைப் புரட்டி உள்தையலைப் பார்த்தால் போதும், அது பிறந்த விதத்தைச் சொல்லிவிடுவேன்.

அந்தப் படிப்புதான் இப்போது சோறு போடுகிறது. நல்ல கம்பளி நூலை இங்கே கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் நான் பேல் கடைக்குப் போகிறேன். வெளிநாட்டுப் பழைய சுவெட்டர்கள் குவிந்து கிடக்கும். சனம் குளிருக்குப் போட வாங்குகிறது, நான் பிரிக்க வாங்குகிறேன். கடைக்காரருக்கு என்னைப் புரியவே இல்லை. வெளிப்பக்கத்தைப் பார்க்காமல் உள்ளே பக்கத் தையலை விரித்துப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். அங்கே ஓவர்லொக் போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். துணியாக வெட்டித் தைத்தது, பிரித்தால் சாண் சாணாகத் துண்டு நூல்தான் வரும். கண்ணிக்குக் கண்ணி இணைத்திருந்தால் முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் போதும், ஒரு முதுகுத் துண்டு முழுவதும் ஒரே நூலாக ஓடி வரும். அந்தச் சத்தம் உனக்குக் கேட்க வேண்டும், நெட்டச்சி. கூரையில் லேசாக மழை தூறுவது மாதிரி.

சந்தேகமான நூலென்றால் ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டுவேன். முடி கருகிய வாசம் வந்து சாம்பல் உதிர்ந்தால் கம்பளி. உருகி, ஆறியதும் மணி மாதிரி இறுகினால் அக்ரிலிக். பிரித்த நூல் இடியப்பம் மாதிரி சுருண்டு கிடக்கும். கட்டாகச் சுற்றி, பீலியில் விழுகிற தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு சட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் நீளும். இப்போது கூட வாசலில் மூன்று கட்டுத் தொங்குகிறது. மழையில் காய்ந்தபாடில்லை.

முன்பெல்லாம் நான் படம் வரைந்துவிட்டு அதற்கு நூல் தேடுவேன். நுவரெலியாவில் ஒரு கடைக்காரர் நெஞ்சில் தேயிலையின் இரண்டிலையும் ஒரு மொட்டும் வைத்துக் கேட்டார். செய்து கொடுத்தேன், விற்கிறது. ஆனால் அம்மா ஆயுள் முழுக்கக் கிள்ளிய இலையை வருகிற போகிறவர்கள் நெஞ்சில் ஒட்டிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அதோடு, எந்த நூலானாலும் அந்தப் படத்தைப் போட்டுவிடலாம். நூலுக்கு அதில் வேலையே இல்லை.

நூலைக் கேட்காமல் செய்ததற்கு ஒரு தரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த மெரினோ ஆட்டுக் கம்பளி நூலைக் கொடுத்து சுவெட்டர் கேட்டார். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய நூல். கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில் இருக்கும், அதுதான் இழைகளை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வைக்கும். இந்த நூலில் அந்தச் செதிலை மருந்தால் மழுக்கி மேலே பூச்சும் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் பிடிப்பு இல்லை. மாதிரித் துண்டு பின்னினேன், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்தது. 200 கண்ணி போட்டால் சுற்று 91 சென்டிமீட்டர், அளவு சரி. துண்டைத் துவைத்துப் பார்க்கவில்லை, அவசரம். சுவெட்டரைத் துவைத்த பிறகு அதே 10 சென்டிமீட்டரில் 20 கண்ணிதான் இருந்தது. சுற்று 100 ஆகிவிட்டது, கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. முழுவதையும் பிரித்து மறுபடி பின்னினேன், கூலி கேட்க முடியுமா? அன்றிலிருந்து என் மாதிரித் துண்டுகள் பீலிக்கரைக்குப் போகாமல் கணக்குக்கு வருவதில்லை.

கணக்கு என்றால் நமக்குப் பயம்தானே. அதில் என்னைக் காப்பாற்றியது எலிசபெத் சிம்மர்மன் என்கிற பின்னல்கார அம்மா. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், 1999இல் காலமானார். உடம்புச் சுற்றின் கண்ணியை நூறு என்று வைத்துக்கொள், மணிக்கட்டுக்கு 20 வீதம், மேல்கைக்கு 33, கழுத்துக்கு 40 என்று எல்லாவற்றையும் வீதத்தில் சொல்லிவிட்டார். ஆள் மாறினாலும் நூல் மாறினாலும் அந்த வீதத்தில் ஆரம்பித்துவிடலாம். லயத்துப் பெண்கள் ஐந்து பேர் இப்போது எனக்குப் பின்னுகிறார்கள், அவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்து, அரைப் பேரா முழுப் பேரா, அதாவது அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா என்று தன் கணக்கைத் தானே காத்துக்கொண்டவர்களுக்கு வீதம் பெரிய விஷயமில்லை.

இனி உன் நூல். நீலகிரி ஆடு என்று தனி இனமே உண்டு என்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் மலைக்கு ஆளையும் கொண்டுவந்தான், மெரினோ ஆட்டையும் கொண்டுவந்து உள்ளூர் ஆட்டோடு கலந்தான் போலிருக்கிறது. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்தும் ஆட்டின் தொகை குறைந்துகொண்டே போகிறது என்று எழுதியிருந்தாய். அதனால்தான் உன் நூலைக் கையில் எடுக்கவே தயங்கினேன்.

கூடவே நீ வைத்திருந்த, தோடர் பழங்குடிப் பெண்களின் பூவேலைத் துண்டை ஜன்னலோரம் மாட்டியிருக்கிறேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். கோடு வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. அந்தக் கோலத்தை சுவெட்டரில் போடச் சொல்லியிருக்கிறாய். மாட்டேன்டி. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அது அந்தப் பெண்களின் சொத்து. கிடைக்காவிட்டாலும் போடமாட்டேன். எண்ணுகிற பொறுமையை வேண்டுமானால் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் உன் நூலில் லேஸ் பின்னிப் பார்த்தேன். கையால் நூற்ற நூல், ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. ஓட்டைகளெல்லாம் தூக்கத்தில் பாதி மூடிய கண் மாதிரி இருந்தன. பிரித்தேன். கேபிள் முறுக்குப் போட்டேன். முறுக்கு எழும்பி நிற்க மூன்று இழை சேர்ந்த உருண்டை நூல் வேண்டும், உன்னுடையது இரண்டிழை. முறுக்கு அமுங்கிப் போனது. அதையும் பிரித்தேன். கோபத்தில் ஒன்றும் யோசிக்காமல், நாம் வாங்கில் பின்னிய அதே வெறும் நிட், வரிசைக்கு வரிசை நிட், ஒரு சாண் பின்னி பீலியில் நனைத்துப் பிழிந்தேன். அப்போது வந்தது அந்த வாசம்.

அம்மாவின் கம்பளி. மழை நாளில் கொழுந்து கிள்ள மலைக்குப் போகும்போது தலையோடு போட்டுக்கொள்வார்களே, அந்தக் கறுப்புக் கம்பளி. அதற்கான காசையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அம்மா போன பிறகு அதை ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். வெளியே எடுத்து விரித்தேன். நடுவில் ஒரு மடிப்புக் கோடு, அந்த இடம் மட்டும் தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது. தோள்பட்டையில் மட்டும் அம்மா அதை இரட்டையாக மடித்துப் போட்டிருக்கிறார். மழை முதலில் விழுவதும் அங்கே, கூடைக் கயிறு உராய்வதும் அங்கே. தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் தொட்டால் நனைந்தது தெரியாத சாமான் கம்பளி. அதை எந்த இடத்தில் இரட்டிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் நான் படம் வரைந்துகொண்டிருந்தேன், டிசைன் பெட்டிக்குள் இருந்தது.

அதனால் உன் நூல் இப்போது ஒரு தோள் போர்வையாகப் போகிறது. 200 கிராமில் கைவைத்த சுவெட்டர் எப்படியும் வராது. கீழ்ப்பாகம் ஒற்றை நூல், தோளுக்கு வந்ததும் இரட்டை நூல். இரட்டை நூலுக்குக் கண்ணி குறைய வேண்டும், அந்தக் குறைப்பே தோளின் சரிவையும் கொடுத்துவிடும், தனியாக வெட்டோ தையலோ வேண்டாம். பிடரிப் பக்கம் மட்டும் நாலு தரம் வரிசையைப் பாதியில் திருப்பி ஏற்றுவேன், குனிந்தால் குளிர் புகாது. துவைத்த துண்டில் 10 சென்டிமீட்டருக்கு 17 கண்ணி. கீழ்ச் சுற்று 110 வைத்தால் 187 கண்ணி.

தோளுக்கான நூலுக்கு மட்டும் நிறம் ஏற்றியிருக்கிறேன். தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து வடித்து, நூலைப் போட்டு மெல்லச் சூடு காட்டினால் பழுப்பு ஏறும். பிறகு துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகி, கறுப்பை நோக்கிப் போகும். கொஞ்சம்தான் விட வேண்டும், இரும்பு கூடினால் நூல் நொறுங்கிவிடும். அம்மாவின் கம்பளிக் கறுப்பு வரவில்லை. மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஒரு நிறம் வந்திருக்கிறது. அதுவே இருக்கட்டும் என்று நிறுத்திவிட்டேன்.

விற்கப் போவதில்லை, இது உனக்கு. மகள் கல்யாணத்தில் கோத்தகிரிக் குளிருக்குப் போட்டுக்கொள். பட்டுச் சேலைக்குப் பொருந்துமா என்று கேட்காதே, பொருந்தாது.

எனக்கு உன் தோள் அளவு வேண்டும். இரண்டு தோள் எலும்பையும் சேர்த்து ஒரு சுற்று, பிடரியிலிருந்து முழங்கைக்கு ஒரு நீளம். அங்குலமா சென்டிமீட்டரா என்று நீ குழப்பிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஒரு நூலைச் சுற்றிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, அந்த நூலையே அடுத்த கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. இழுத்துப் பிடிக்காதே.

உன்,
குள்ளச்சி