பெரியவனுக்கு, பெங்களூர் மர்ஃபி டவுனிலிருந்து

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி பழையபடிதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ஓகேம்மா" என்று வரும், அதனால் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அதுவும் வருவதில்லை. நீலக் கோடு மட்டும் விழுகிறது. அதான் காகிதத்தில் எழுதி, இதைப் படம் பிடித்து அனுப்பும்படி சின்னவனிடம் சொல்லியிருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே படி. சாப்பிட்டாயா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரண்மேல் இருந்த உன் ரிமோட் பிளேன் பெட்டியைத் திறந்துவிட்டோம், சின்னவன் புதிதாக ஒரு பிளேன் செய்கிறான். அண்ணனைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சின்னவன் பிடிவாதமாக இருந்தான். உனக்கு மெசேஜ் போட்டான், காத்திருந்தான். பத்தாவது லீவு அதிலேயே கரைகிறதே என்று நான்தான் கயிற்றை அறுத்தேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. ஃபோன் பண்ணித் திட்டு.

ரிமோட் நன்றாக இருக்கிறது. உள்ளே இருந்த செல்களைக் கழற்றித் தனியாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாய், அதனால் பச்சை பூக்கவில்லை. அந்தப் புத்தி உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. மோட்டார் சுற்றுகிறது. சுக்கானை அசைக்கிற குட்டி மோட்டார், அந்த சர்வோவில் ஒன்றுக்குப் பல் போயிருக்கிறது. ஆனால் அந்த நீல பேட்டரி இருக்கிறதே, அது உப்பிப்போய் ஓரம் பிதுங்கியிருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதையா இத்தனை நாள் என் துணி மூட்டைகளுக்கு மேலே வைத்திருந்தோம்! இந்த லிப்போ வகை பேட்டரி உப்பினால் சார்ஜே போடக்கூடாது, குத்தக்கூடாது என்று சின்னவன் சொன்னான். மணல் சட்டியில் வைத்து, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்தாயிற்று.

புதிதாக எஸ்.பி. ரோட்டில் ஒன்று வாங்கினோம். மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர்-அவர். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, 3.3-க்குக் கீழே போகவும் விடக்கூடாது, சும்மா வைக்கும்போது 3.8-இல் வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். சார்ஜ் போடுவது வாசல் திண்ணையில், மண்சட்டிக்குள். சார்ஜர் ஓடுகிறவரை அவன் அங்கேயே உட்கார வேண்டும். பாத்ரூம் போனால்கூட என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நீயும் கட்டிலில் ஃபோனைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதே. ஒரு ரூமில் அத்தனை பேர், அத்தனை சார்ஜர். எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை.

பிளேனைப் பற்றிச் சொல்கிறேன். உடம்பு ஒன்று, இறக்கை இரண்டு ஜோடி. அதுதான் அவன் போட்ட கணக்கு. பழகுவதற்கு நீளமானது, 1 மீட்டர் 20, நுனி இரண்டும் மேலே தூக்கியிருக்கும். காற்றில் சாய்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளுமாம். அதற்கு இறக்கை ஓரத்தில் அசைகிற எலிரான் கிடையாது, வாலில் பக்கவாட்டில் திருப்புகிற ரட்டரும் மேலே கீழே கொண்டுபோகிற எலிவேட்டரும் மட்டும். கை பழகின பிறகு மாட்ட, எலிரான் வைத்த குட்டை இறக்கை. எதையும் ஒட்டவில்லை. உடம்பில் குறுக்கே இரண்டு மூங்கில் குச்சி சொருகி, ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டுகிறான். தரையில் இடித்தால் இறக்கை கழன்று விழுமே தவிர ஒடியாது. மூக்கும் தனியாக வருகிறது, மோட்டாரும் ஸ்பீட் கன்ட்ரோலரும் அதோடு வந்துவிடும். நாளைக்கு வேறு உடம்பு செய்தாலும் இதே மூக்கை அதில் மாட்டிக்கொள்ளலாம். நீ செய்ததில் எல்லாமே ஒட்டினது. ஒரே இடியில் எல்லாமே போயிற்று, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் ஃபெவிக்விக்கை ஊற்றி தெர்மாகோலையே கரைத்து, அப்பா சிரித்ததற்கு இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாயே. அந்த ரோஷம் மட்டும் மாறவே இல்லை. சின்னவன் குளூ கன்னைச் சூடு குறைத்து வைத்துத்தான் ஒட்டுகிறான்.

இறக்கை வெட்டினது நான். அவன் அளந்து அளந்து இரண்டு ஷீட்டை வீணாக்கினான், இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு. நகருடா என்று சொல்லிவிட்டு, பிரவுன் பேப்பரை இரண்டாக மடித்து ப்ளவுஸ் முதுகு வெட்டுகிற மாதிரி வெட்டிக் கொடுத்தேன். நடு மடிப்பு நேராக இருந்தால் இரண்டு பக்கமும் தானே ஒத்து வரும். டெப்ரான் என்கிற அந்த நுரை ஷீட்டுக்குப் புது பிளேடு வேண்டும், மழுங்கினது பிய்த்துவிடுகிறது. இறக்கையின் மேல்பக்கம் முன்பாதியில் மட்டும் இன்னொரு ஷீட் ஒட்டி ஒரு படி விட்டிருக்கிறான். க்ளைன், ஃபோகல்மேன் என்று இரண்டு அமெரிக்கர்கள், காகித விமானம் விட்டுப் பார்த்தே அதைக் கண்டுபிடித்து 1972-இல் பேட்டன்ட் வாங்கினார்களாம். அதனால் இறக்கையை வளைவாக ராவுகிற வேலை இல்லாமல் போயிற்று. சுக்கான்களை இழுக்கிற கம்பி, அப்பாவின் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. அந்தக் கம்பியை மாட்டுகிற ஹார்ன் வெட்டினது தேதி முடிந்த என் ஏ.டி.எம். கார்டில்.

எடை எங்கே சமமாக நிற்கிறது என்று பார்த்தோம். இறக்கையின் இருபது சென்டிமீட்டர் அகலத்தில் முன் ஓரத்திலிருந்து ஐந்தில் கோடு போட்டு, அந்த இடத்தில் விரல் நுனி வைத்துத் தூக்கினால் வால் தொங்கிற்று. பேட்டரியை முன்னால் தள்ளித் தள்ளிச் சரிப்படுத்தினோம். "மூக்கு கனத்தால் மோசமாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே தடவைதான் பறக்கும்" என்று நீ சொல்வாயே, சின்னவன் அப்படியே சொல்கிறான், கையை ஆட்டுவதுகூட உன்னைப் போலத்தான். 2017 ஏர் ஷோவுக்கு எலகங்காவுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனாயே, அதிலிருந்து அவனுக்கு நீதான் எல்லாம். அவனுக்காவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். தெருவில் பறக்கவிடும் பேச்சே இல்லை. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஓடுதளம் இத்தனை கிட்டத்தில். தேஜஸ் போர்விமானம் கிளம்பினால் நம் ஜன்னல் அதிர்கிறது. 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராம் வரைதான் நானோ என்கிற குட்டி வகை, நம்முடையது 700-ஐத் தாண்டுகிறது. எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தில் காட்டுகிற மேப்பைப் பார்த்துவிட்டு, கோலார் தங்கவயலில் பெரிய மாமா வீட்டுப் பக்கம் விடலாம் என்று இருக்கிறோம். மாரிக்குப்பம் ரயிலில் பிளேனைப் பிரித்து என் துணிப் பையில் எடுத்துப் போய்விடலாம்.

அங்கே போகிறோம் என்றதும் தாத்தா ஞாபகம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினபோது நீ கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. வேலை போய்விட்டது என்று தாத்தா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் யாரும் யாரிடமும் மறைக்கவில்லை. ஒருத்தர் வீட்டில் உலை வைத்தால் நாலு வீடு சாப்பிட்டோம். தாத்தா அதற்குப் பிறகு காய்கறி வண்டி தள்ளினார், மானம் ஒன்றும் போய்விடவில்லை. நானும் அந்த வருஷம்தான் தையல் பழகினேன். சும்மா சொன்னேன். பிளேன் என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன்.

இந்த மாதப் பணம் வந்தது. தேதி தள்ளித்தான் வந்தது, அனுப்பினவர் பேரும் வேறு யாரோ. கேட்கவில்லை, சொன்னேன். அடுத்த மாதம் அனுப்பாதே. வைகாசி முகூர்த்தம், ராத்திரி பத்து மணி வரை மிஷின் ஓடுகிறது. ஃபால்ஸ் அடிக்கக்கூட ஆள் வைத்திருக்கிறேன், நிஜமாகத்தான். சின்னவனுக்கு டிப்ளமோ ஃபீஸும் கட்டிவிடுவோம். நீ கடன் கிடன் வாங்கி அனுப்பாதே. யாரிடமும் வாங்காதே.

பெரியவன் பேசினானா என்று அப்பா தினம் கேட்கிறார். பேசினான் என்று சொல்லிவிடுகிறேன். என்ன பேசினான் என்கிறார். பிளேனைப் பற்றித்தான் என்கிறேன். அவர் நம்புகிறாரா என்று தெரியவில்லை. நீ சாப்பிடு. போன மாதம் வைத்த போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

இப்போது வேலை எங்கே நிற்கிறது என்றால், பிளேனில் வைக்கிற புது ரிசீவரை உன் பழைய ரிமோட்டோடு பைண்ட் செய்ய வேண்டும், அதாவது ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ள வைக்க வேண்டும். அதற்கான குட்டி பிளக் பெட்டியில் இல்லை. எங்கே வைத்தாய்? சர்வோ வயர் துண்டில் சிக்னலையும் கிரவுண்டையும் சேர்த்து நானே செய்துகொள்வேன் என்று சின்னவன் சொல்கிறான். அண்ணனைக் கேட்காமல் தொடாதே என்று இந்த முறை நான் தடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயில், சனிக்கிழமைக்குள் சொல். இங்கே ஒரு மணி என்றால் அங்கே பதினொன்றரை, அந்த நேரத்தில் நீ ஆன்லைனில் இருப்பதைச் சின்னவன் பார்த்திருக்கிறான். அப்போதே கூப்பிட்டாலும் சரி. ஏன் அந்த நேரத்தில் என்று நான் கேட்கமாட்டேன்.

அம்மா

பி.கு. பவர் பேங்கையும் தலைமாட்டில் வைக்காதே.