ஆறு மாச வேலை

தேவனாம்பட்டினம், கடலூர்
27.4.2025

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அங்கே சிக்னல் கிடைக்கும்போது படி.

ஒடிசாவில் ஆமை பார்க்கிற வேலையை விட்டு மாசி மகத்துக்கு வர முடியாது என்று நீ சொன்ன அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டேன். "ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் வீட்டில், இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன். நீ பதில் சொல்லவில்லை. உன் பக்கத்திலிருந்து அலைச் சத்தம்தான் கேட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தை எனக்குள்ளேயே கிடந்து குத்துகிறது.

15ஆம் தேதி முதல் மீன்பிடித் தடைக்காலம். முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 வரை 61 நாள். காலையில் போய்க் கிழிந்த வலையைத் தைக்கிறோம், வெயில் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நேற்று வலை ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மட்டும் என்ன, பன்னிரண்டு மாசமும் வேலைக்குப் போகிறேனா? தடைக்காலம் இரண்டு மாசம். ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் வாரக்கணக்கில் கரைதான். இப்படியே முப்பத்திரண்டு வருசம் ஓடிவிட்டது. இதில்தான் உன்னைப் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்க வைத்தேன். இது ஒரு வேலையா என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான் உன்னைக் கேட்டுவிட்டேன்.

மீன் முட்டையிடுகிற காலம் என்று நாங்கள் படகைக் கட்டி வைக்கிறோம். 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்ததை 61 நாளாக்கியபோது நானும்தான் சத்தம் போட்டேன். ஆமை கரையேறுகிற காலம் என்று நீ ஒடிசாவின் ருசிகுல்யா கடற்கரை மணலில் ராத்திரி முழுக்க நடக்கிறாய். பங்குனி ஆமை என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்ததே அது வருகிற மாசத்தைப் பார்த்துத்தானே. வருசம் முழுக்க வராத ஒன்றை வருசம் முழுக்க எப்படிப் பார்த்துக்கொள்வது? வேலை சீசனுக்கு வருவதில் தப்பே இல்லை. சீசன் முடிந்ததும் அந்த ஆளை மறந்துவிடுகிறார்களே, அதுதான் தப்பு.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை உன் அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, வலையில் அடிபட்டு அசையாமல் கிடக்கிற ஆமை எல்லாமே செத்த ஆமை கிடையாது என்று சொன்னாய். மூச்சு விட மேலே வர முடியாமல் தண்ணீர் குடித்து மயங்கிக் கிடக்கும், நெஞ்சுத் துடிப்பு வெளியே தெரியாது என்றாய். மல்லாக்கப் போடாமல், வயிறு கீழே இருக்கும்படி நிழலில் கிடத்தி, பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கி வைத்து, ஈரத் துணி போட்டு விட்டால் உள்ளே போன தண்ணீர் வடியும், சில நேரம் நாலு மணி நேரத்தில் எழும், சில நேரம் ஒரு நாள்கூட ஆகும் என்று சொன்னாய். நான் தட்டில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கவனித்தாயோ என்னவோ, அன்றைக்கு நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். மாசி மாசம். பரங்கிப்பேட்டைக்கு நேரே பதினைந்து பாகம் ஆழத்தில் இழுத்துக்கொண்டிருந்தோம். இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நாள். இரண்டரை மணி நேரம் இழுத்துவிட்டு மடியை, அதாவது மீன் சேர்கிற வலைப் பையைத் தூக்கித் தளத்தில் கொட்டினால், இறாலோடு மூன்று ஆமை. இரண்டு ஆமை துடுப்பை அடித்தது, அதை உடனே கடலில் விட்டோம். மூன்றாவது அசையவில்லை. பெரிய ஆமை, முதுகில் கிளிஞ்சல் ஒட்டியிருந்தது. பையன் ஒருவன் காலால் தட்டிப் பார்த்து, செத்துப்போச்சு அண்ணே என்றான். நான்தான் டிரைவர். தள்ளு என்று சொன்னது நான்தான். வயிறு மேலே தெரிய அது உள்ளே போனதைப் பார்த்தேன். முட்டை சுமந்து வந்த ஆமையாகக்கூட இருந்திருக்கலாம். நீ சொன்ன பிறகு அந்த ஆமை எனக்குத் திரும்ப வந்துவிட்டது. உயிரோடு இருந்திருந்தால்? அப்போது யாராவது ஒருத்தர் துறைமுகத்துக்கு வந்து, ஒரு பலகையை இப்படி வையுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் வைத்திருப்பேன். வேண்டுமென்று கொல்கிற ஆள் கிடையாது நான். சொல்ல ஆள் வரவில்லை.

இந்த வருசம் சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை டிவியில் பார்த்தபோது தெருவில் எல்லோரும் இழுவலைக்காரனைத் திட்டினார்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் வருகிறவர்கள் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆமை தப்பிப் போகிற கம்பிச் சட்டத்தை மடியில் கட்டச் சொல்கிறார்கள். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே நம் மடிக்குத் தகுந்த மாதிரி ஒன்று செய்து கொடுத்திருக்கிறது. அது இல்லாததால் 2019லிருந்து நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. இருந்தாலும் அந்த ஓட்டை வழியே இறாலும் போய்விடும் என்கிற பயம்தான் இங்கே பேச்சு. நோட்டீஸ் ஒட்டி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. கூடவே படகில் ஏறி, கட்டி இழுத்து, எவ்வளவு போனது என்று எங்கள் கண் முன்னால் நிறுத்துக் காட்டுகிற ஆள் வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மாமா பார்த்து வைத்திருக்கிற சென்னைக் கம்பெனி வேலைக்கு மே முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அதில்தான் விருப்பம். மாசச் சம்பளம், ஹாஸ்டல், பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல ஒரு பதில். அவள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ பிப்ரவரியில் பத்து நாளில் ஏழு லட்சம் ஆமை வரை கரையேறியது என்று சொன்னபோது உன் குரலைக் கேட்டவன் நான். குஹாகர் ஆமையைப் பற்றிப் போன வாரம் சொன்னாய். 2021ல் ஒடிசாவில் டேக் போட்டு விட்டது, இப்போது மகாராஷ்டிராவில் முட்டையிட வந்ததாம். அது எந்த வழியாகப் போயிருக்கும் என்று நான் கேட்டதற்கு நீ அரை மணி நேரம் பேசினாய். நம் கரை ஓரமாகத்தான் வந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அடுத்த சீசனுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் போ. அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

போவதற்கு முன்னால் சிலது கேட்டுக்கொள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த மாசம் வரை என்று எழுத்தில் வாங்கு. நான் பையனாக இருந்தபோது ஒரு படகில் எட்டு மாசம் போனேன். டீசல், ஐஸ், பேட்டா எல்லாம் கழித்துவிட்டுப் பங்கு பிரிக்கும்போது கடலில் தங்கிப் பிடித்து வருகிற ஒவ்வொரு தங்கலுக்கும் என் பங்கு மட்டும் குறைந்தது. கேட்டால் கணக்கு அப்படித்தான் என்றார்கள். என்னிடம் ஒரு வரி எழுத்து கிடையாது. அன்றிலிருந்து எல்லாத் தங்கலையும் நோட்டில் எழுதுகிறேன், பரணில் பார்த்திருப்பாய். அனுபவம் கிடைக்கும், சான்றிதழ் தருகிறோம், சம்பளம் இல்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் இனிமேல் போகாதே. உன்னோடு படித்தவள் தங்குகிற செலவைத் தானே கட்டி ஒரு சீசன் போனாள் என்று சொன்னாயே, வீட்டில் காசு இருக்கிற பிள்ளைதான் அப்படிப் போக முடியும். வலைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழி கிடையாது, இருக்கவும் வேண்டாம்.

எங்களுக்காவது தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வருகிறது. சேமிப்பு நிவாரணத்தில் நாங்கள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் அந்த 1,500ஐ நீயே மாசா மாசம் எடுத்து வை. சீசன் முடிகிற அன்றைக்குக் கையில் மூன்று மாச அரிசிக்குக் காசு இருக்க வேண்டும். படகில் ஏறினால் லைப் ஜாக்கெட், யார் சிரித்தாலும் சரி. காப்பீடு உண்டா என்று கேள். அம்மா கேட்கச் சொன்னாள், தங்குகிற இடத்தில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி நடையில் கூட யார் வருகிறார்கள் என்று. இந்தக் கேள்விக்கு அவளுக்கே நேராகப் பதில் சொல்.

ஜூனிலிருந்து நம் துறைமுகத்தில் சுறாவும் திருக்கையும் அளந்து எழுதுகிற ஐந்து மாச வேலை இருக்கிறது என்றாயே, அதை எடுத்துக்கொள் என்பது என் ஆசை. உன்னை வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு சாக்கு என்று நினைக்காதே. என் அப்பா காலத்தில் வேளா வலையில் மாட்டினால் அதன் மூக்கு ரம்பம் வலையை அறுத்துவிடும் என்று திட்டுவார்கள். அவ்வளவு வந்திருக்கிறது. நான் கடைசியாக வேளா பார்த்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. 2001ல் அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குள் அது போயே போய்விட்டது. எத்தனை வந்தது, எந்த வருசம் குறைந்தது என்று இந்தத் துறைமுகத்தில் யார் எழுதி வைத்தார்கள்? திருக்கை இனத்து உழுவைக்கும் அந்தக் கதி வருவதற்குள் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஆனால் நோட்டும் பேனாவுமாக வருகிற பிள்ளைகளை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. காரணம் உண்டு. மீன் இறக்குகிற நேரம் பார்த்து நடுவில் வந்து நிற்பார்கள், ஏலம் விடுகிற பெண்களை மறைப்பார்கள், கேட்காமல் போட்டோ எடுப்பார்கள். இரண்டு மாசம் கழித்துக் காணாமல் போவார்கள். அந்தக் கணக்கில் என்ன தெரிந்தது என்று திரும்ப வந்து ஒருவரும் சொன்னதில்லை. நீ அப்படிச் செய்யாதே. படகு வந்ததும் ஓரமாக நில். ஐஸ் போட்டு முடித்து டீ குடிக்கிற நேரத்தில் பேசு. எங்கே வலை விட்டீர்கள் என்று முதல் நாளே கேட்காதே, எவனும் உண்மை சொல்ல மாட்டான். கிழவர்களிடம் போய், வேளா கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். சீசன் முடிகிற அன்றைக்கு நீ எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டு.

புவனேஸ்வரிலிருந்து புதுச்சேரி வருகிற வாராந்திர ரயிலில் மே கடைசிக்கு டிக்கெட் போடு. தம்பி பைக் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவான். அம்மா உனக்கென்று நெத்திலிக் கருவாடு காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

ஓனரிடம் பேசிவிட்டேன். ஜூன் 15ஆம் தேதி படகு இறங்குவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் பையன்களை எல்லாம் தளத்தில் உட்கார வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மயங்கின ஆமையை எப்படிக் கிடத்துவது என்று நீ வந்து காட்ட வேண்டும். பின்பக்கம் தூக்கி வைக்க ஒரு சாண் உயரத்தில் பலகை ஒன்று அறுத்துப் பின்தளத்தில் வைத்திருக்கிறேன். உயரம் போதுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா